பின்னறை அவுஸ்திரேலியா

ஏழு மாதம் நான் அவுஸ்திரேலியாவில் இருந்தேன். அதாவது, லிங்கநகரில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குள். கதவுக்கு வெளியே ஆமைப்பூட்டு, திறப்பு அம்மாவின் இடுப்பில்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில் திருகோணமலை ரயில் நிலையத்தில் என் கழுத்தில் விழுந்த மாலைகளைப் பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டீர்கள். அப்பா சோமசேகரம் பாதி ஊரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "என்ர மகன் யோகலிங்கம் மெல்பேர்னுக்குப் போறான்" என்று டிக்கெட் பார்க்கிறவனுக்கும் சொன்னார். கொழும்புக்குப் போனால், என்னை அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனின் கந்தோர் பூட்டிக் கிடக்கிறது. வாசலில் என்னைப்போல இன்னும் பதினொரு பேர். நாசமாய்ப் போனவன், எங்களையெல்லாம் பேய்க்காட்டிவிட்டு அவன் முந்திப் பறந்துவிட்டான். மூன்று கிழமை லொட்ஜில் காய்ச்சலோடு கிடந்துவிட்டு, ஒரு விடியற்காலை பின்மதிலால் ஏறிக் குதித்து வீட்டுக்குள் வந்தேன்.

அம்மா கட்டிப்பிடித்து அழுதார். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ஆரும் கண்டவையோ?"

காரணம் இருந்தது. மூன்று நாளைக்கு முன்புதான் என் தங்கச்சி பாக்கியத்துக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை குணரத்தினம், கிண்ணியாவில் புவியியல் படிப்பிக்கிற வாத்தியார். தகப்பன் தங்கரத்தினத்துக்குக் கடைத்தெருவில் பெரிய புடவைக்கடை. மனிசன் சீதனம் கேட்கவில்லை. "பொம்பிளையின்ர தமையன் அவுஸ்திரேலியாவிலதானே? என்ர சின்னவனையும் அங்கால இழுத்துவிட்டாப் போதும்" என்றாராம். நான் திரும்பி வந்தது தெரிந்தால் கலியாணம் அன்றைக்கே முறியும். பாக்கியத்துக்கு ஏற்கனவே இரண்டு சம்பந்தம் குழம்பிவிட்டது. வயது இருபத்தொன்பது.

"வந்து நிண்டதைச் சொல்லுவம். சம்பந்தம் வந்தா வரட்டும், போனாப் போகட்டும்" என்றேன் நான். எனக்கு ரோசம்.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்றாள். தனக்கு இன்னது பிடிக்கும் என்று அந்தப் பிள்ளை அதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. நான் எழும்பிப் பின்னறைக்குள் போனேன்.

அறை என்றால் ஒரு கட்டில், ஒரு கதிரை, நெல்லு மூட்டை நாலு. கிணற்றடிப் பக்கம் கம்பி வைத்த ஒரு யன்னல். அதற்குள்ளால் பார்த்தால் முருங்கை, மதில், மதிலுக்கு மேலே துறைமுகத் தண்ணீர் ஒரு கீற்று. தும்மல் வந்தால் தலையணையைக் கடிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி கிணற்றுக்கு வந்தால் கட்டிலுக்குக் கீழே போகவேண்டும். வந்தவள் லேசில் போவாளோ? என் புகழையே பாடிக்கொண்டு நிற்பாள். "உங்கட மகன் இப்ப நல்லா நிறத்திருப்பார், என்ன?" என்று அம்மாவிடம் கேட்பாள். நான் பல்லியோடு படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

தங்கரத்தினம் என் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டபோதுதான் உண்மையான வில்லங்கம் தொடங்கியது. என்னோடு படித்த அபூதாஹிர் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற லோஞ்சுப் படகில் வேலை செய்தான். எங்கள் நாலு பேருக்கு வெளியே விசயம் தெரிந்தது அவனுக்கு மட்டும். அவுஸ்திரேலியக் கோதுமைக் கப்பல் ஒன்று வந்தபோது, முத்திரை அச்சடித்த நீலக் கடிதத்தாள் ஒரு கட்டும் ஒரு கலண்டரும் வாங்கி, மீன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து யன்னலால் நீட்டினான்.

"டேய், பன்ரெண்டு படம் இருக்கு. எல்லாம் கடற்கரை றோட்டு. மாசத்துக்கு ஒரு இடமாப் போய்ப் பாத்திட்டு வா" என்றான். அந்த அந்தரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படித்தான் என் பயணம் தொடங்கியது. கூட்டாளி ஒருவனின் காரில் சிட்னியிலிருந்து மெல்பேர்ன் வரை கடலோரமாகப் போகிறேன் என்று எழுதினேன். மலையை வெட்டிப் போட்ட றோட்டு, கீழே நுரை தள்ளுகிற கடல். கங்காரு படம் கீறின மஞ்சள் பலகை. தண்ணீருக்குள் தனியே நிற்கிற பெரும் பாறைகள். வெள்ளை வெளிச்சவீடு, அதன் கீழே ஒரு கிழவன் பொரித்த மீன் விற்கிறான். கிழவன் படத்தில் இல்லை, எனக்குப் பசித்தது.

தங்கரத்தினம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கதிரையில் சாய்ந்துகொள்வார். கடிதத்தில் தபால் சீல் குத்தியிராதே, அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு அப்பா வாசிப்பார். "பாருங்கோவன், பெடியன் என்னமாதிரி ஊர் சுத்துறான்!" என்று சம்பந்தி துடையில் தட்டுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கண்டறியாத ஊர் சுற்றல். எட்டு அடி இந்தப் பக்கம், ஆறு அடி அந்தப் பக்கம். சில நாள் அந்தக் கலண்டரைக் கிழித்துத் தின்னவேண்டும் போல ஆத்திரம் வரும். பாக்கியம் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தானே அண்ணா" என்பாள். அவள் முகத்தில் வந்திருந்த களையைப் பார்த்தால் கோபம் அடங்கிவிடும்.

தை மாதப் படத்தில் ஆட்கள் அரைக்காற்சட்டையோடு மணலில் கிடந்தார்கள். வெள்ளைக்காரர் குளிரிலும் குளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "இங்கே கடுங்குளிர், மூச்சு விட்டால் புகை வருகிறது, இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன்" என்று எழுதினேன். வெளிநாடு என்றால் குளிர் என்றுதானே எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனியில் எங்கள் முற்றத்திலேயே பந்தல் போட்டுக் கலியாணம். காலையிலிருந்தே ஓமப்புகை கதவுக்குக் கீழால் வந்தது. நான் ஈரத்துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மேளம் ஓய்ந்த நேரம் ஐயரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பொம்பிளையின்ர சகோதரம் ஆர்? பொரி போட வாங்கோ."

"மூத்தவன் வெளிநாட்டில, ஐயா. பெரியம்மான்ர மகன் போடுவார்" என்றார் அப்பா. ஒரு தடுமாற்றமும் இல்லாத குரல்.

பாக்கியம் பிறந்த அன்று, அவள் கலியாணத்தில் பொரி போடவேண்டியவன் என்று சொல்லித்தான் அவளை என் மடியில் வைத்தார்களாம். ஓர் உதை விட்டால் அந்தக் கதவு உடைந்திருக்கும். காலைத் தூக்கினேன். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தில் குந்தி, சத்தம் வராமல் அழுதேன்.

மத்தியானம் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். யன்னலில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். கட்டிலுக்குக் கீழே பாயப்போனேன்.

"மச்சான், பயப்பிடாதேங்கோ. நான் குணரத்தினம்."

பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை. பக்கத்தில் கூறைச்சேலையோடு பாக்கியம்.

"இவ ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அவர். "தை மாசம் அங்க கொதிக்கிற கோடை, மச்சான். நீங்கள் கம்பளிச் சட்டை போட்ட அண்டைக்கே நீங்கள் அங்க இல்லையெண்டு எனக்குத் தெரியும். எங்க இருக்கிறியள் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சது. பொரி போடேக்க இவ இந்தக் கதவையே பாத்து அழுதவ."

"தெரிஞ்சுமோ தாலி கட்டினனீங்கள்?"

"நான் அவுஸ்திரேலியாவையோ கட்டினனான்?"

சால்வை முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் ஒரு பிடி பொரி. அதைக் கம்பிக்குள்ளால் என் கையில் கொட்டினார். பாக்கியம் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அவர் தன் கைகளை அவளுடைய கைகளுக்குக் கீழே வைத்தார். நான் கம்பிக்குள்ளால் கையை விட்டுப் பொரியைப் போட்டேன். பாதி கம்பியில் பட்டு நிலத்தில் சிந்தியது. பாக்கியம் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அப்ப நான் வெளியில வரலாமோ?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பினார். "என்ர அப்பாவுக்கு இப்ப சொல்ல ஏலாது, மச்சான். அவர் வீட்டில இருக்கவிடாமல் இவவைத்தான் குத்திக் கதைப்பார். தம்பிக்கு இங்க ஒரு வேலை கிடைச்சால் அவற்ர ஆசை விட்டுப்போகும். அதுவரைக்கும் பொறுங்கோ."

"எவ்வளவு காலம்?"

"ஒரு வருசம். ரெண்டும் ஆகும்."

பாக்கியம் என் விரல்களைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "அண்ணா, நான் சொல்லிப்போடுறன். என்னால ஏலாது" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. போ" என்றேன்.

முன்பக்கம் தங்கரத்தினம் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "எங்க மாப்பிள்ளை பொம்பிளை? நேரம் போகுதல்லோ!" அவர்கள் போனார்கள். கார் புறப்பட்டதும் வீட்டில் சத்தமில்லை. அம்மா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார்.

சாப்பிட்டேன். கலண்டரில் ஆனி மாதத் தாளைத் திருப்பினேன். நீலத்தாள் ஒன்றை எடுத்துக் கதிரையில் வைத்து எழுதத் தொடங்கினேன்.

"அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே இப்போதுதான் குளிர்காலம் தொடங்கியிருக்கிறது. கடலோர றோட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு வரமுடியாமல் போய்விட்டது."