கட்டியைப் பார்க்க வந்தார்கள்

மரகதவல்லியின் கழுத்தில் இருந்த கட்டி புதன்கிழமை காலையில் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் டாக்டர் வீட்டார் அதைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதனால் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். டாக்டர், அவருடைய அக்கா, மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்திருந்த ஒரு சித்தப்பா. மூவரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள்.

நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய்களில் இது அபூர்வமான வகை என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. ஜில்லாவிலேயே இது மூன்றாவதாம். அந்த அபூர்வத்திலும் இரண்டு குணம் உண்டு என்றார்கள். ஒன்று உடம்பு முழுக்க ஓடும். மற்றது வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். ஓடுகிற குணமென்றால் இன்றைக்கே முகூர்த்தம். கட்டியோடு மரகதவல்லியையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். மருந்து ஏற்றுவார்கள், முடி கொட்டும். அதற்குப் பிறகு என்ன என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சித்தப்பா கட்டியின் முழுப்பெயரைக் கேட்டார். டாக்டர் தாளைப் பார்த்துப் படித்தார். பதினொரு நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார்.

மரகதவல்லி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். கட்டிக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். அது குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தது.

நாத்தனார் இசக்கியம்மாள் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மதினி, உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? அதுக்கு எதுக்குக் காப்பி குடுத்திய?”

“வீட்டுல உக்காந்திருக்கத விட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் எப்படிளா குடுக்க?”

“அதுவும் டிக்காஷன தூக்கலா ஊத்தி. இனி அது ஓடத்தான் செய்யும்.”

வெளியே டாக்டரின் அக்கா, கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடம் நீண்டது. எதிர்ச்சுவர் பாளையங்கோட்டை வரைக்கும் போய் நின்றது. ஓடுகிறவர்களுக்கு வேண்டிய இடம்.

கட்டி எழுந்தது. ஓர் எட்டு வைத்தது. மரகதவல்லி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது எட்டு வைத்தது. நின்று காலண்டரைப் பார்த்தது. மூன்றாவது எட்டுக்குக் கால் மணி நேரம் எடுத்தது. பிறகு பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குறட்டை விட்டது.

சித்தப்பா மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் வீட்டார் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். டாக்டர் எழுந்து செருப்பை மாட்டினார்.

“ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்.”

பெண் பார்க்க வந்தவர்கள் அப்படிச் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்தும் எந்த லெட்டரும் வந்ததில்லை.

மரகதவல்லி நம்பாமல் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

“மருந்து கிருந்து ஏத்தணுமா டாக்டர்?”

“இப்போ ஒண்ணும் வேண்டாம். அது போகவும் போகாது, உங்களை அவசரப்படுத்தவும் செய்யாது. மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து பாத்துக்கிடுதோம். எழும்பி ஓடுனாத்தான் மேற்கொண்டு பேச்சு. நீங்க உங்க சோலியப் பாருங்க.”

வெற்றிலை பாக்குக்கூட எடுத்துக்கொள்ளாமல் மூவரும் தெருமுனை திரும்பினார்கள். இசக்கியம்மாள் முறைப்படி நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுச் செல்லத்தாயி எட்டிப் பார்த்தாள்.

“என்ன மரகதம், அமையலியோ?”

“அமையலக்கா” என்றாள் மரகதவல்லி. வாயெல்லாம் பல்லாக இருந்தது.