வெர்னரின் காதுப் பஞ்சு

ஸ்வென்போர்க் ஊரில் யாராவது கோணல் பல்லோடு சிரித்தால், அவர் வெளியூர்க்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். உள்ளூர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பல்லில் கம்பி போட்டு நேராக்கியவர் டாக்டர் ஆஸ்கெர். வாரநாளில் பல், ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகுப் பந்தயம் என்று வாழ்ந்த மனுஷன், போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளிடம் அவர் போடும் சத்தம் ஒன்றுதான்: “வாயைத் திற! கை வயித்து மேல!” பந்தயத்திலும் அதையே போடுவார். எதிராளிகள் எல்லாரும் அவரிடம் கம்பி போட்டவர்கள்தானே! கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பிளப்பார்கள். இவர் முந்திப் போய்விடுவார். அக்கிரமம்தான். ஆனால் கத்தக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? ரொட்டிக் கடை வெர்னர் மட்டும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வருவான். அதனால் வருஷா வருஷம் கோப்பை அவனுக்கு, டாக்டர் இரண்டாவது.

இந்த ஆகஸ்டில் டாக்டர் நினைவாகப் பந்தயம் வைத்தார்கள். அவருடைய படகை ஓட்ட மனைவி இங்கெர் தானே இறங்கினாள், மகள் சிக்னெயோடு.

“அம்மா, பேசினபடி நடந்துக்கணும். தோத்தா படகை வித்துடறோம். உன் முட்டிக்கு இது ஆகாது.”

“ஜெயிச்சா?”

“வச்சுக்கோ. ஆனா வெர்னரை நீ எங்க ஜெயிக்கப் போற!”

அந்தப் படகு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை இங்கெரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பந்தயத்தில் படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய கடைசி மிதவையில் வெர்னர் ஒரு படகு நீளம் முன்னால் இருந்தான். திரும்புவதற்காக அவன் கயிற்றை இழுத்தபோதுதான் அவன் காது இங்கெரின் கண்ணில் பட்டது. பஞ்சைக் காணோம்!

இங்கெருக்குள் எங்கிருந்துதான் டாக்டரின் அந்தக் குரல் வந்ததோ. “வெர்னர்! வாயைத் திற! கை வயித்து மேல!”

ஐம்பது வயது வெர்னர் ஆவென்று வாயைத் திறந்தான். கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. பாய் படபடக்க, படகு அங்கேயே தள்ளாடியது. சிக்னெக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அப்புறம் சிரிடி, இப்ப இழு!” என்று கத்தினாள் இங்கெர். மிதவையைச் சுற்றிக்கொண்டு அவர்கள்தான் முதலில் எல்லையைத் தாண்டினார்கள்.

கரையில் ஹெர்ரிங் மீனும் ஸ்னாப்ஸ் மதுவும் தயாராக இருந்தன. வெர்னரே கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

“ஏண்டா, பஞ்சை மறந்துட்டியா?” என்று கேட்டாள் இங்கெர்.

அவன் சட்டைப்பையிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்துக் காட்டினான். “மறக்கல. அவர் இல்லாத பந்தயத்துல காதை அடைக்க மனசு வரல.”

இங்கெர் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “அடுத்த வருஷம் அடைச்சுக்கிட்டே வா. நான் வருவேன்.”

“நாங்க வருவோம்,” என்றாள் சிக்னெ.