நாற்பத்தேழாம் எண்

போர்ட் பிளேரில் அப்போது டெலிபோன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். யார் கூப்பிட்டாலும் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் முன்னால் இருக்கும் பலகையில் அவருடைய எண்ணுக்குரிய சின்ன மூடி விழும். இது தெரியாமல்தான், முகம் மறைந்திருக்கும் தைரியத்தில், நாற்பத்தேழாம் எண்காரர் மத்தியான வேளைகளில் ஆபரேட்டர் இந்திராணியிடம் அசிங்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் மரக் கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம். கோயில் கமிட்டியில் முதல் நாற்காலி அவருக்குத்தான். இந்திராணியின் கணவன் அவரிடம் லாரி ஓட்டினான். கராச்சர்மாவில் குடியிருந்த வீடும் அவர் கொடுத்தது. வெறும் பேச்சுதானே என்று பதினோரு மாதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோறு இறங்காமல் போனதுதான் மிச்சம்.

பத்தொன்பது வயது கரீமா புதிதாக வேலைக்குச் சேர்ந்ததும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவேண்டும் என்று சாக்குச் சொல்லி, இந்திராணி மத்தியான ஷிப்டை அவள் தலையில் கட்டிவிட்டாள்.

நான்காம் நாள், விட்டுப்போன குடையை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்பத்தேழின் மூடி விழுந்திருந்தது. கரீமா மேஜை விளிம்பை இறுகப் பிடித்தபடி, அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று இந்திராணிக்கு அப்போதுதான் உறைத்தது. இதையா வெறும் பேச்சு என்று நினைத்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பேசுகிறவரின் இணைப்பை ஆபரேட்டர் துண்டிக்கக் கூடாது என்பது விதி. விறுவிறுவென்று போய் வயரைப் பிடுங்கினாள்.

சூப்பர்வைசர் பாலசுப்பிரமணியம் புகார்ப் புத்தகத்தை இந்திராணியின் பக்கம் நகர்த்தினார்.

"தகாத பேச்சுன்னு மட்டும் எழுதும்மா. போதும்."

"இல்ல சார். அவர் என்கிட்ட பேசினதை அப்படியே எழுதறேன். இல்லாட்டி யாரும் நம்ப மாட்டாங்க."

எண், பெயர், நேரம், ஒவ்வொரு சொல். எல்லாவற்றையும் எழுதினாள். படித்துப் பார்த்த சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரர் இவர்கிட்டதானே வேலை பார்க்கறார்? வீட்டை விட்டே எழுப்பிடுவாரேம்மா."

"தெரியும் சார்."

"அச்சா. படா சாப்கிட்ட நானே கொண்டுபோறேன்" என்று மேலதிகாரிக்குப் போகவேண்டிய அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிந்து வெளியே வந்த கரீமா, பஸ் நிற்கும் இடத்தில் இந்திராணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்ககிட்டயும் பேசுவானா அக்கா? எவ்வளவு நாளா?"

"பதினோரு மாசமா."

கரீமா அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்போ தெரிஞ்சுதான் என்னை மத்தியானத்துல உட்கார வெச்சீங்களா?"

கராச்சர்மா பஸ் வந்து நின்றது. இந்திராணி ஏறவில்லை.

"ஆமா" என்றாள்.