பல்லக்கா அனுப்பிய பதிலாள்

பல்லக்கா முதலாளி ஆகிவிட்டாள் என்ற செய்தி, அவள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் குடியிருப்பு முழுக்க ஏறி இறங்கிவிட்டது.

பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அங்கே அனுப்புவார்கள். அவள் மெழுகை உருக்கி, அதில் செயற்கைப் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, செட்டாக்கித் தருவாள். எதிரே யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். யாருக்கு எது சொந்தப் பல், எது வாங்கிய பல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் வாயைத் திறந்து அவளை வம்புக்கு இழுக்க எல்லோருக்கும் கொஞ்சம் தயக்கம்.

அன்றைக்கு லேப் முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: "இனிமே நீ சம்பள ஆள் இல்லம்மா. ஒப்பந்தக்காரி. உனக்கு நீயே முதலாளி. பிடித்தம் கிடித்தம் ஒண்ணும் கிடையாது. முழுப் பணமும் கையில."

"அந்த மனுஷன் சும்மா குடுப்பாரா?" என்று அவள் வீட்டுக்காரர் இழுத்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். எதையும் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்த பிறகுதான் நம்புவார்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுண்ணே" என்றார் கொழுந்தனார். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை என்றாலும், எல்லா வேலையைப் பற்றியும் நிலையான கருத்து வைத்திருப்பவர்.

"நான் பல்லைப் பாக்காம வேற எதைப் பாக்கறது தம்பி?" என்று சிரித்தாள் பல்லக்கா. சிரித்தாளே தவிர, பார்க்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

சீக்கிரமே துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று அவள் வீட்டுக்குப் படியேறியது. ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் தற்செயலாகத் திறந்துகொண்டன. "முதலாளியம்மா வீட்டுக்கா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மூடின.

வேலையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அதே மேசை, அதே விளக்கு, ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அதே திட்டு. இடையில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாள். அந்த வாரத்துக்குக் காசு வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "முதலாளிக்கு ஏதும்மா லீவு? எனக்கு யாராவது குடுக்கறாங்களா?" என்றார் லேப்காரர். சொல்லிவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார்.

வருடம் திரும்பியது. வரி வந்து நின்றது.

முன்பெல்லாம் மாதாமாதம் முதலாளி பிடித்துக் கட்டிவிடுவார். அவளுக்கு வலி தெரிந்ததில்லை. இப்போது வருடம் முழுமைக்குமாக ஒரே மூட்டையாகத் தலையில் இறங்கியது. போதாததற்கு, வயதான காலத்துக்கென்று முதலாளி தன் பங்காகக் கட்டிவந்ததும் இனி இவள் பாடு. முழுப் பணம் என்று கைக்கு வந்ததில் ஒரு பகுதி வெறும் விருந்தாளி, தங்கிவிட்டுப் போகிறவன். இவளோ அவனைத் துணி துவைக்க உட்கார வைத்துவிட்டாள்.

மகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம்தான் வீட்டில் இருந்தது. இந்த வருடம் அதில் கை வைக்கலாம். அடுத்த வருடமும் இப்படியே போனால் படிப்பு பாதியில் நிற்கும். பல்லக்கா கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"பாதி வருமானத்தைக் காட்டாதீங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். "யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் உழைச்சுச் சம்பாதிச்சேன் தம்பி, திருடிட்டு வரல. நான் எதுக்கு ஒளியணும்? ஒளிய வேண்டியவங்க ஒளியட்டும்."

மறுநாள் நேராக வரி அலுவலகத்துக்கே போய்விட்டாள். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் விவரத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு, "கட்ட வேண்டியதைக் கட்டித்தான் ஆகணும்மா. தவணையா கட்டுங்க" என்றாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு மேலும் கேட்டாள்: "வேலைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு யாரு சொல்றது?"

"அவர்தான்."

"வேற லேபுக்கும் வேலை செய்யலாமா?"

"செஞ்சா தொலைச்சுடுவாரு."

"உங்களால முடியலைன்னா, உங்களுக்குப் பதிலா வேற யாரையாவது அனுப்பலாமா?"

"என்னம்மா கேலி பண்றீங்க?"

"கேலி இல்ல. இதெல்லாம் உங்க இஷ்டம்னா நீங்க ஒப்பந்தக்காரி. அவர் இஷ்டம்னா பேருதான் ஒப்பந்தம், நீங்க அவர்கிட்ட வேலை பாக்கற ஆளு. அப்ப பிடிச்சுக் கட்ட வேண்டியது அவர் பொறுப்பு. புகார் எழுதித் தரீங்களா?"

"இப்ப வேண்டாம்" என்று எழுந்தாள் பல்லக்கா. "மொதல்ல அவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

புது வருட ஒப்பந்தம் மேசைக்கு வந்தபோது அதை முதல் முறையாக வாசித்தாள். அதுவும் சத்தமாக. யாரோ விவரமானவனை வைத்து எழுதியிருந்தார்கள். எந்த நேரத்தில் வேலை செய்வது என்பது ஒப்பந்தக்காரரின் விருப்பம். பிற இடங்களிலும் அவர் வேலை செய்யலாம். தமக்குப் பதிலாக வேறு ஆளையும் அனுப்பலாம். பாலிஷ் போடும் பெண்ணும் பிளாஸ்டர் கலக்குகிறவரும் கையில் இருந்ததை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர்களும் போன வருடம் முதலாளி ஆனவர்கள்தான்.

"என்ன பாராயணம் பண்ணிக்கிட்டு? அதெல்லாம் சும்மா எழுத்து. கையெழுத்தைப் போடும்மா" என்றார் முதலாளி.

"போடறேன் சார். பாவம், எழுத்து சும்மா இருந்தா அதுக்கும் பொழுது போகாதே. கொஞ்சம் வேலை குடுப்போம்."

அடுத்த நாள் காலை பல்லக்கா வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாகக் கொழுந்தனார் போனார். தம் வாழ்நாளில் எந்த வேலைக்கும் அவர் இத்தனை உற்சாகமாகக் கிளம்பியதில்லை. கையில் தேநீரோடு பல்லக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, எதிர்வீட்டில் சர்க்கரையும் மேல்வீட்டில் ஊசிநூலும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோய், இரவல் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போகாமல் நின்றார்கள்.

வீட்டுக்காரர் மட்டும் முணுமுணுத்தார். "வேலை போயிட்டா என்னம்மா பண்றது?"

"இந்த லட்சணத்துல இருந்தா பொண்ணு படிப்பு போயிடும். எது போனா பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க."

அதற்குள் தொலைபேசி அலறியது. பல்லக்கா அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டாள். அதனால் நின்றவர்களுக்கும் நன்றாகவே கேட்டது.

"யாரும்மா இந்த ஆளு? கேட்டா பதிலாளுன்னு சொல்றான்."

"என் கொழுந்தனார் சார். நேரத்துக்கு வந்துட்டாரா?"

"விளையாடறியா? மத்தியானத்துக்குள்ள செட்டு வேணும்னு டாக்டர் உயிரை எடுக்கறாரு. இவன் முன்பல் இருக்க வேண்டிய இடத்துல கடைவாய்ப்பல்லை நட்டு வச்சிருக்கான்."

"உறுதியா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு."

"உடனே கிளம்பி வா."

"நேரம் என் இஷ்டம்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க. குளிச்சுட்டு வரேன்."

குளித்து, உடுத்தி, திருவிழாவுக்குப் போகிறவளைப் போல அவள் தெருவில் நடந்ததைப் பார்க்காதவர்கள் அன்று வெளியூரில் இருந்தவர்கள் மட்டுமே.

லேபில் கொழுந்தனார் மெழுகைப் பற்றி மெழுகுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முதலாளியின் முகம் இறுகிப்போன பிளாஸ்டர் மாதிரி இருந்தது.

"என்னதாம்மா வேணும் உனக்கு?"

"ரெண்டுல ஒண்ணு சார். வேலைக்கு வச்சுக்கறதுன்னா ஒழுங்கா வச்சுக்கங்க. மாசாமாசம் வரியைப் பிடிச்சுக் கட்டுங்க, உங்க பங்கையும் கட்டுங்க, காய்ச்சல்னா லீவு குடுங்க. இல்ல, ஒப்பந்தக்காரியாவே இருக்கணும்னா இருக்கேன். அந்தச் செலவெல்லாம் சேத்து ஒரு செட்டுக்கு இதுதான் என் விலை."

விலையைச் சொன்னாள். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இது பகல் கொள்ளை."

"அப்ப போன வருஷம் நடந்ததுக்கு என்ன பேரு சார்? என் பொண்ணு படிப்புக் காசுல உங்க பங்கை நான் கட்டிட்டு வந்திருக்கேன்."

"நீ இல்லன்னா ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இல்லாம என்ன? இதோ உக்காந்திருக்காரே."

"எனக்கு நாளைக்கும் வேலை ஒண்ணும் இல்லை அண்ணி" என்றார் கொழுந்தனார் அடக்கமாக.

அப்போதுதான் பாலிஷ் பெண் எழுந்தாள். வேலைக்கு வந்த நாளாக முதலாளியிடம் 'சரிங்க சார்' தவிர வேறு பேசாதவள். "சார், எனக்கும் நாளைக்கு உடம்பு முடியாது போல இருக்கு. எங்க மாமியாரை அனுப்பட்டுமா? அவங்களுக்கு ஒரு பல்லு கிடையாது, ஆனா ஆர்வம் ரொம்ப."

பிளாஸ்டர்காரர் தன் கலக்கும் இயந்திரத்தை நிறுத்தினார்.

முதலாளி மூவரையும் பார்த்தார். நாலாவதாகக் கொழுந்தனாரையும் பார்த்தார். அவரைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியிருக்க வேண்டும்.

"சரி, பழையபடியே வேலையில சேந்துக்கங்க. மொதல்ல அந்தச் செட்டை முடிச்சுக் குடு."

"எழுதிக் குடுங்க சார். மூணு பேருக்கும்."

"முடிச்சுட்டு எழுதலாமே."

பல்லக்கா தன் மேசைப் பக்கம் போகவில்லை. வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு அவசரம் இல்ல. நீங்க எழுதற வரைக்கும் என் நேரம் என் இஷ்டம்தான்."

டாக்டரிடமிருந்து மறுபடியும் தொலைபேசி வந்தது. முதலாளி அதை எடுக்காமல் பேனாவை எடுத்தார்.

"தேதியை மட்டும்" என்றாள் பல்லக்கா, "போன வருஷத்துல இருந்து போடுங்க சார்."