குறை சொல்லத் தெரியாத குடும்பம்

பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணைச் சோடிப்பார்களே, அப்படித்தான் சௌந்தரம் அன்று தன் புருஷன் சபாபதியைச் சோடித்தாள். வழவழவென்று சவரம், கஞ்சி போட்ட சட்டை, நெஞ்சில் பட்டாளத்து மெடல். நோயைக் காட்டப் போகிற இடத்துக்கு நோயே தெரியாதபடி கிளம்பின புத்திசாலிகளை வேறெங்கும் பார்க்க முடியாது!

எல்லைச் சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு, மண்டை பிளந்து, சபாபதி சிதம்பரம் திரும்பி இரண்டு வருஷமாகிறது. வெளிக்காயம் ஆறிவிட்டது, உள்ளே ஆறவில்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் வீட்டுக்கு வழி தெரியாமல் கீழ வீதியிலேயே பொழுது சாயும்வரை நின்றான். திருவிழா வேட்டுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் புகுந்தவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. இதையெல்லாம் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அவன் அண்ணன் தாண்டவராயன் கட்டளை. தங்கை புஷ்பவள்ளியைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே! ஆக, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தால் தேறுவான் என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்கு இவர்கள் எங்கே போவார்கள்? முன்னாள் சிப்பாய்களுக்கென்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த ஆபீஸ் கொடுத்தால்தான் உண்டு. அதற்கும் அங்கே வரும் டாக்டர் எழுதித் தரவேண்டும்.

டாக்டர் முன்னால் சபாபதி விறைப்பாகச் சல்யூட் அடித்தான். பெயர், நம்பர், ரெஜிமெண்ட் எல்லாம் பிசகாமல் வந்தது. தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டதும் தாண்டவராயன் முந்திக்கொண்டார். தம்பி நன்றாகத் தூங்குகிறான், தங்கள் பரம்பரையிலேயே தலைவலி என்று படுத்தவர் கிடையாது என்று பெருமையாக அளந்தார். டாக்டருக்கும் சந்தோஷம். சிகிச்சை தேவையில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

சௌந்தரம் காகிதத்தின் மேல் கையை வைத்தாள். புருஷனின் அண்ணன் எதிரில் அவள் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

"எழுதாதீங்க சார். இவுரு நல்லா இல்ல. பெத்த பொண்ணு பேரு என்னான்னு போன வாரம் என்னையே கேட்டாரு."

தாண்டவராயன் முறைத்தார்.

"மாமா, அப்பறமா என்னைத் திட்டிக்குங்க," என்றவள் கீழ வீதியையும் கட்டிலையும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

உண்மைதானா என்று டாக்டர் சபாபதியிடம் கேட்டார். விறைப்பாக நின்றவன் அண்ணனைப் பார்த்தான், பிறகு சௌந்தரத்தைப் பார்த்தான்.

"நெசந்தாங்க சார். இது எந்த ஊருன்னே காலையிலேருந்து தெரியல. கேட்டா இவ பயந்துடுவான்னு கேக்கல."

யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் வேறு காகிதம் எடுத்தார். மூன்று மாதம், முழுச் செலவும் ஆபீஸ் பொறுப்பு, கூட ஒரு ஆள் தங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சௌந்தரத்துக்கு ரெண்டு வருஷத்துப் பாரம் அப்போதுதான் இறங்கியது. அழுதாள், வெட்கமில்லாமல் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் இருந்த சபாபதி, இனி என்ன பயம் என்பது போல, நிற்கிற இடத்திலெல்லாம் வாய்விட்டுக் கேட்டான், இது எந்த ஊர் என்று. சௌந்தரமும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தாண்டவராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பஸ் மறுபடி நின்றது. சபாபதி கேட்டான்.

"புதுச்சத்திரம்டா தம்பி," என்றார் தாண்டவராயன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "தெரியலன்னா கேளு. எத்தினி வாட்டி வேணும்னாலும் கேளு."