தொண்டைக்குள் ஒரு சிவப்புக் கோடு

கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா, ஸ்ட்ராவின் மறுமுனையில் நான். குடிக்கவில்லை, ஊதுகிறேன். ஊதியபடியே அடித்தொண்டையிலிருந்து ஓர் 'ஊ'வை மெல்ல மேலே இழுக்கிறேன். தண்ணீர் குமிழி விடுகிறது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எருமை குளத்துல எறங்கின மாதிரியே இருக்குங்க."

சிரிக்கட்டும். சனிக்கிழமை குரல் தேர்வில் தெரியும் சேதி. எங்கள் அடுக்குமாடிப் பாடகர் குழுவின் புதிய பாட்டில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து பாடும் பகுதி ஒன்று உண்டு. பெண் குரல் என் மனைவிதான். அவள் வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் அழுகிற குழந்தைகூட விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிடும். ஆண் குரலில்தான் சிக்கல். கடைசி வரியில் ஓர் உச்ச ஸ்வரம். அதைத் தொட்டால் நான், தொடாவிட்டால் மூன்றாம் மாடித் தையல்காரர். அந்த மனிதருக்குக் குரல் வெண்ணெய். மீசை வேறு இன்னும் கறுப்பு. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளும் நானும் சேர்ந்து செய்யாத ஒரே காரியம் பாடுவதுதான். அதைத் தையல்காரருக்குத் தாரை வார்க்க நான் என்ன மகானா?

காகித ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரைச்சலில் நான் கத்தினால், பக்கத்து ஆலை ஆட்கள் சங்கு ஊதிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இதில் பாதியாவது உண்மை. ஆகவே எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மேலே போகணுமா, பிரஷரை ஏற்று. முதல் ஒத்திகையில் ஏற்றினேன். கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்தது. வாயிலிருந்து வந்ததோ கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை. அதற்குப் பிறகு பல நாள் பேச்சே வரவில்லை, சைகையிலேயே குடும்பம் நடத்தினேன். மனைவி அதைத் தன் வாழ்வின் பொற்காலம் என்கிறாள்.

குழுவின் பாட்டு டீச்சர் என் கடைசி மகளைவிடச் சின்னவள். குரல் திரும்பி அடுத்த ஒத்திகைக்குப் போனபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"சார், உங்க பாய்லர் மீட்டர்ல சிவப்புக் கோடு இருக்குமே, அதைத் தாண்டி ஓட்டுவீங்களா?"

"ஐயோ, வெடிச்சிடும்மா!"

"தொண்டை மட்டும் இரும்பா? வலிச்சா அதான் கோடு. ஒரு படி கீழ வாங்க, தண்ணி குடிங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். மேல போகப் போக ஊதுறதைக் குறைக்கணும் சார், ஏத்தக் கூடாது."

குறைத்தால் மேலே போகுமாம்! ஆயுள் முழுக்கக் கற்ற தொழிலைத் தலைகீழாக நிறுத்திவிட்டாள். ஆனாலும் ஸ்ட்ராவில் ஊதினேன். குழந்தை பஸ் ஓட்டுவதுபோல உதட்டை 'புர்ர்' என்று அதிரவிட்டேன். லிஃப்டில் உடன் வந்தவர்கள் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள். ஒரு காலையில், எங்கிருந்தோ, என்னுடையதே இல்லாத மெல்லிய ஒலி ஒன்று மேலே எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. வீட்டுக்குள் திருடனைப் பிடித்தவன்போல மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் எருமை திரும்பிவிட்டது.

சனிக்கிழமை. தையல்காரர் முதலில் பாடினார். வெண்ணெய், சந்தேகமே இல்லை. பிறகு நான். கடைசி வரி நெருங்க நெருங்க, வயிறு பழைய பழக்கத்தில் பிரஷரை ஏற்றத் தொடங்கியது, கழுத்து விறைத்தது. எதிரே நின்ற மனைவி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புப் பக்கமாக, யாருக்கும் தெரியாமல், உள்ளங்கையை மெதுவாகக் கீழே தாழ்த்தினாள்.

இறக்கினேன்.

வந்தது. ஊசிக்காதில் நுழைகிற அளவு மெல்லிசாக, ஆனால் அறுந்துபோகாமல் நின்றது. தையல்காரர் தலையை நிமிர்த்தினார். தீர்ப்பு எழுதவேண்டிய டீச்சரின் பென்சில் காகிதத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. மனைவியின் வரிக்கு இன்னும் யாரும் கைகாட்டவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை; என் ஸ்வரத்துக்குக் கீழே தன் குரலைக் கொண்டுவந்து வைத்தாள். டீச்சரின் கீபோர்டின் மேல் நான் கொண்டுவந்து வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.