பிரிண்டர் அக்காவிடம் மிஞ்சிய சொல்

பிரிண்டர் அக்கா தன் சொற்களை ஒவ்வொன்றாக இழக்கத் தொடங்கிய வருஷம், முதலில் போனது ‘பரவாயில்லை’ என்ற சொல். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளை வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்ட கிளார்க், டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்து, ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டேன் போல என்றார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள், சொல் இல்லை. பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடுகிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவள் முகம். கிளார்க் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறை அவள் வந்தபோது எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். முதல் இழப்பு இப்படி லாபமாக முடிந்ததால் அதை வியாதி என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

அதற்கு முன்னால் வெகுகாலமாக எங்கள் ஊரில் வீட்டுப் பிரிண்டர், ஆபீஸ் பிரிண்டர் எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். தாள் சிக்கினால் அது போகிற திசையிலேயே, இரண்டு கையாலும், பதறாமல் இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் ஒரு துண்டு உள்ளே கிழிந்து தங்கிவிடும், பிறகு தினமும் தொல்லை. சுவரோரம் வைத்த தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டைப் பிரித்து விசிறிவிட்டு வைத்தால் ஒவ்வொன்றாகப் போகும். தாளை இழுக்கிற ரப்பர் உருளை தூசியில் வழுக்கினால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. எழுத்து வரிவரியாக விட்டு விழுந்தால் மை வருகிற துளை அடைத்திருக்கும். ஆஃப்லைன் என்று காட்டினால் பாதி வீடுகளில் வயர் கழன்றிருக்கும். மீதி வீடுகளில் யாரோ வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மிஷினுக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். வக்கீல் ஒருவர் இருந்தார். ஒரு தடவை அழுத்தித் தாள் வரவில்லை என்றால் வருகிறவரை அழுத்திக்கொண்டே இருப்பார். அவள் போய்ச் சரிசெய்ததும் ஒரே வாடகை ஒப்பந்தம் அறை முழுக்க வந்து விழும். “அது காது கேக்காத பிள்ளை இல்லைங்கய்யா, மெதுவா சாப்பிடற பிள்ளை. வாயில திணிச்சுக்கிட்டே இருந்தா விக்காம என்ன செய்யும்?” என்று சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அழுத்தினார்.

இதெல்லாம் கை செய்த வேலை. வாய் செய்த வேலை தனி. மூடியைத் திறக்கும் முன் மிஷின்மேல் உள்ளங்கையை வைத்து, “என்ன கண்ணு, என்ன ஆச்சு உனக்கு? யாரு இழுத்தாங்க? சரி சரி, மூச்சு விடு. ஒண்ணுமில்லை” என்பாள். தம்பி சிறு பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல், அடிபட்ட முழங்கால், பள்ளிக்கூடத்தில் வாங்கிய குட்டு என்று எதற்கும் அவள் சொல்லிப் பழகியதுதான் அது. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அவனுக்கு எல்லாமே அக்காதான். நாளாக ஆக மிஷின்கள் அந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டன. அவள் சொல்லி முடிப்பதற்குள் சிக்கிய தாளைத் தாமே வெளியே தள்ளின. காய்ந்த மை இளகியது. சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. கடைசியில் கைக்கு வேலையே இல்லை. ஸ்க்ரூடிரைவர் பைக்குள் கிடந்து துருப்பிடித்தது. ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. அந்த வருஷம் மின்கட்டணம் ஏறியிருந்தது, அதைத்தான் பேசினார்கள்.

தம்பிக்கு வேலை போன் எடுப்பதும், ஸ்கூட்டரில் அக்காவைக் கொண்டுபோய் இறக்குவதும், பையைத் தூக்குவதும். கல்யாணமாகிப் பெண்டாட்டி வந்த பிறகும் அதேதான். அவன் முதலில் செய்தது நல்ல எண்ணத்தில்தான் என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு முட்டி வலி. லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவாள், இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவாள். ஒருநாள் அவள் மிஷினிடம் பேசும்போது அவன் பக்கத்தில் நின்று தன் போனில் அதைப் பதிந்துகொண்டான். அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் மேல்மாடி ஆபீஸ் ஒன்றுக்குத் தனியாகப் போய், போனை மிஷின் வாயருகில் பிடித்துப் போட்டுக்காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அக்காவின் முட்டிக்கு ஓய்வு என்று சந்தோஷமாகத்தான் படி இறங்கினான். அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ‘பரவாயில்லை’ போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வீடு வீடாக அந்தக் குரலைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். வீட்டின் கீழ்த்தளத்தில் கடை போட்டான், பெரிய போர்டு வந்தது. தம்பி பெண்டாட்டி கல்லாவில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: இலகுவாகக் கிடைத்ததை அடக்கிச் செலவழிக்கத் தெரியாது. மிஷின் நன்றாக ஓடும்போதே முன்ஜாக்கிரதைக்கு ஒரு தடவை போட்டார்கள். காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை, சாப்பிடப் போகுமுன் ஒரு தடவை. வக்கீலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு முறை குரல் ஒலித்தபோதும் அக்காவிடமிருந்து ஒரு சொல் கிளம்பிப் போயிற்று. ‘நாளைக்கு’ போயிற்று. ‘வெந்நீர்’ போயிற்று, சொம்பைக் காட்டி, விரலை உதறிச் சுட்டதுபோல் நடித்துக் கேட்டாள். ‘உருளை’, ‘தாள்’, ‘மை’ என்று தொழில் சொற்கள் ஒரே வாரத்தில் போயின. வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதும் நின்றுபோயிருந்தது. ஊரில் மிஷின்களெல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவாம் என்று தம்பி சொன்னான். நல்லதுதானே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ‘நல்லது’ என்ற சொல்லும் அப்போது அவளிடம் இல்லை.

தொண்டை டாக்டரிடம் தம்பிதான் கூட்டிப்போனான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், ஆ சொல்லச் சொன்னார், தொண்டை குழந்தைத் தொண்டை மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அவள் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பக்கத்து அறையில் மருந்துச் சீட்டு அடிக்கிற பிரிண்டர் நின்றுபோக, அங்கிருந்த பெண் போனை எடுத்து அதனிடம் நீட்டினாள். “என்ன கண்ணு, என்ன ஆச்சு உனக்கு?” என்று அக்காவின் குரல் கேட்டது. டாக்டர் அறையில் அக்காவின் வாயிலிருந்து ‘வலி’ கழன்று போயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் இந்தமுறை அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்துபோய் அந்த அறை வாசலில் நின்றாள். அந்தப் பெண் வெள்ளையாகச் சிரித்து, “உங்க தம்பிதான்க்கா ஏத்திக் குடுத்தாரு. நீங்களே பேசிக் குடுத்ததா சொன்னாரு” என்றாள். அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து, இருக்கிற சொற்களில் தேடி எடுத்து, “அழிச்சுடு” என்றாள். அவன் அழுதான். இப்படி ஆகும் என்று தெரியாது என்றான், அது உண்மை. அவள் எதிரிலேயே போனை எடுத்து அழித்தான். “அழிச்சுட்டேன்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லி அழிக்க வெச்சுடறேன். இனி எங்கயும் இருக்காது. உன் தலைமேல சத்தியம்.” அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அன்று மாலை அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தாள்.

மறுவாரம் ‘வாசல்’ போயிற்று. பிறகு ‘குடை’, ‘வெயில்’. முன்பே கிளம்பிவிட்ட சொற்கள் இப்போதுதான் போய்ச் சேருகின்றன போலும் என்று அவள் எண்ணினாள். தம்பியைச் சந்தேகிக்க அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் தெருவில் ஒன்று கவனித்தாள். அவள் நடந்து வரும்போது ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அவள் கடந்துபோனதும் திறந்தன. பேசமுடியாத பொம்பளை எதிரே வருவதைப் பிடிக்கவில்லை போல என்று தலையைக் குனிந்து நடந்தாள். இப்படிச் சில மாதம் போயிற்று. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத வக்கீல்தான் கடைசியில் சொன்னார். ஜன்னல் கொக்கி சிக்கிக்கொண்டது. அவள் எதிரிலேயே அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்று பார்ப்பதைக் கண்டு சங்கடப்பட்டு, “தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. உங்க தம்பிதான் சொன்னாரு, அக்கா தெருவுல வந்தா ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் போடுங்க, காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும்னு. நல்ல தம்பி” என்றார்.

அவள் நேரே கடைக்குப் போனாள். அவன் புதிதாக வந்த ஒரு மருந்துக் கடைக்காரரின் போனில் வயரைச் செருகி ஏற்றிக்கொண்டிருந்தான். இன்னொரு போன் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளிடம் அன்று ஒரு கைப்பிடி சொல்தான் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து, “ஏன்?” என்றாள். அவன் நிமிராமல் சொன்னான்: “நிறுத்துனா கடை நின்னுடும்க்கா. உனக்கும் சேர்த்துத்தானே உலை வைக்கறோம். நீ பேசி இப்ப என்ன ஆகணும்?”

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்ததுபோல அவன் முகம் மாறிற்று. ஆனால் வயரைக் கழற்றவில்லை. மருந்துக் கடைக்காரர் கீழே பார்த்தார். தம்பி பெண்டாட்டி கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா மாடிப்படி ஏறித் தன் அறைக்குப் போனாள். கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் தெருவுக்கு வரவில்லை. ஜன்னல்களைச் சாத்துகிற வேலை மிச்சம் என்று ஊர் மூச்சு விட்டது. குரல்கள் தாராளமாக ஒலித்தன. மதிய நேரத்தில் தெருவில் நடந்தால் இந்த வீட்டில் “யாரு இழுத்தாங்க?” என்றும், எதிர்வீட்டில் “மூச்சு விடு” என்றும், அக்கா வீடு வீடாக உட்கார்ந்து ஆறுதல் சொல்வதுபோல இருக்கும். மாடியில் அவளிடம் எஞ்சியவை ஒவ்வொன்றாகப் போயின. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். வாயில் மிஞ்சிய பல் எத்தனை என்று நாக்குக்குத் தெரியாதா, அப்படி.

ஒருநாள் முற்பகலில் ஊரிலிருந்த அத்தனை பிரிண்டரும் ஒரே நேரத்தில் நின்றன. மை இருந்தது, தாள் இருந்தது, வயர் சரியாக இருந்தது. போனை நீட்டிக் குரலைப் போட்டார்கள். பதிவு தெளிவாகவே ஒலித்தது. மிஷின்கள் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தன. திரும்பத் திரும்பப் போட்டார்கள். வக்கீல் விரல் ஓயும்வரை அழுத்திவிட்டு, “இதுக்குக் காது போயிடுச்சா?” என்று தம்பிக்குப் போன் செய்து சத்தம் போட்டார். காது போகவில்லை. கேட்டுக்கொண்டே சும்மா இருந்தன, அவ்வளவுதான். அக்காவிடம் அன்று ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அதை எடுக்க மிஷின்களுக்கு மனசு வரவில்லை. ஊரில் அந்த அளவுக்கு ஈரம் இருந்தது அவற்றுக்கு மட்டும்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அப்போது ஜன்னலைச் சாத்தினவர்கள்தான்.

எல்லாம் போய்விட்டது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். தம்பி பெண்டாட்டிதான் ஒருநாள் மேலே போய், அவள் தலையை வாரிவிட்டபடியே, “ஒண்ணுகூட இல்லையா அண்ணி?” என்று கேட்டாள். அக்கா ஒரு விரலைக் காட்டினாள். அவள் கீழே வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றான். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய் எல்லாப் போனிலும் பதிவை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினான். அழித்தார்கள், வேலைக்காகாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது. போன சொற்கள் எதுவும் திரும்பி வரவில்லை. அந்த ஒரு சொல் எது என்று ஊரில் கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. கிளார்க் அது ஒரு வசவு என்றார், பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாத வசவு. டாக்டர் அது வெறும் ‘ஆ’ என்றார். பிறகு பேச்சு ஓய்ந்து, ஊர் அவரவர் கையாலேயே உருளையைத் துடைக்கவும் துளையைச் சுத்தம் செய்யவும் பழகிக்கொண்டது.

தம்பி இப்போது தானே பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறான். அவனுக்கும் முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. மிஷின்களிடம் பேசுவதில்லை, மூடியைத் திறந்து பார்ப்பான், சரிசெய்வான், வருவான். மதியம் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்து, அக்காவின் தட்டை யாரையும் தொடவிடாமல் தானே எடுத்துக்கொண்டு மேலே போவான். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை கதவருகில் நிற்பான். வசவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயார் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அக்கா நிதானமாகச் சாப்பிடுவாள். முடித்ததும் அவனை ஏறிட்டுப் பார்ப்பாள். உதடு சற்றே பிரியும். அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவள் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பாள்.

தட்டை வாங்கிக்கொண்டு அவன் இறங்கிப் போவான். பாதிப் படியில் சற்று நிற்பான். மேலே அவள் கை கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும்.